ஆய்வுப் பயணத்தில் கேமரா எங்கே நிற்க வேண்டும்?

ஓடையில் தண்ணீர் மாதிரி எடுக்கும் உயிரியலாளர் நீர் வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்பார். அவர் பாட்டிலில் பிடிப்பது மீனை அல்ல, மீனும் தவளையும் தண்ணீரில் உதிர்த்த டிஎன்ஏ துணுக்குகளை. முகம் தெரியவேண்டும் என்று கேமராக்காரர் அவருக்கு எதிரே, மேல்நீரில் இறங்கினால், நேற்று வேறொரு குளத்தில் நனைந்த பூட்ஸிலிருந்து கழுவப்படுவதெல்லாம் நேரே அந்தப் பாட்டிலுக்குள் போகும். நமது இடம் கீழ்நீர். முகம் வேண்டுமென்றால் கரையிலிருந்து ஜூம் லென்ஸ்.

கருவி கெட்டுப்போகுமோ என்று படக்குழுக்கள் கவலைப்படுவதில் பாதிகூட, தங்களால் ஆய்வின் தரவு கெடுமோ என்று கவலைப்படுவதில்லை. அதில் மோசமானது “இன்னொரு தடவை அதையே செய்யுங்க” என்ற வேண்டுகோள். மாதிரி அடைத்த சிறு குழாயை மறுபடி திறந்தால் மாதிரி கெடும். அசல் மாதிரிகள் மூடி, எண் எழுதி, பெட்டிக்குள் போன பிறகு காலிக் குழாயில் குளோசப் எடுக்கலாம். அந்தக் குழாயில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். அசல் மாதிரிகளோடு கலந்து ஆய்வுக்கூடம்வரை போய்விடக் கூடாது.

குகை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2006-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் முதன்முதலாகப் பதிவான வெள்ளை மூக்கு நோய் வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றிருக்கிறது. காரணம் ஒரு பூஞ்சை. அதன் வித்துகள் கயிற்றிலும் பூட்ஸிலும் ட்ரைபாட் காலிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த குகைக்குப் போகும். தண்ணீரில் போடக்கூடியதை எல்லாம் சேறு போகத் தேய்த்து, 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெந்நீரில் 20 நிமிடம் மூழ்கவிட வேண்டும். கேமராப் பையை அப்படிச் செய்ய முடியாது, ஆகவே அதைத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள். குளிர்காலத் தூக்கத்தில் இருக்கும் வௌவால்கள் மீது விளக்கடிக்கவும் வேண்டாம். விழித்தால் அவை வசந்தம்வரை தாங்கவேண்டிய கொழுப்பை எரித்துவிடும்.

இனி கருவிகள். விமானத்தில் லித்தியம் அயான் பேட்டரிக்கு 100 வாட்-மணி வரை பொதுவாகச் சிக்கல் இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு ஆளுக்கு இரண்டு உபரி பேட்டரி, 160-க்கு மேல் என்றால் பயணப் பையில் இடமே இல்லை. உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் வரவேண்டும். வாட்-மணி தெரிய வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கிப் பாருங்கள்: 14.4 × 6.8 என்றால் சுமார் 98.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டால் ஓரளவு மீளும். ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, அதுதான் ஆபத்து. கூடாரத்துக்குள் நுழையுமுன் கேமராவைக் காற்றுப் புகாத பையில் மூடுங்கள்; ஈரம் பையின் மேல் படியட்டும், சென்சாரில் வேண்டாம். கார்டையும் பேட்டரியையும் வெளியிலேயே கழற்றி, தனிச் சிறு பையில் மூடி வைத்துக்கொண்டால், கேமரா சூடேறக் காத்திருக்காமல் காப்பி எடுக்கலாம்.

நொடிக்கு 400 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 180 ஜிபி. தினம் இரண்டு மணி வீதம் பத்து நாள் என்றால் 3.6 டிபி, இரண்டு பிரதிக்கு 7.2. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் தரவைப் படித்து எழுதும் ஹெட் காற்றின் மேல்தான் மிதக்கிறது. பெரும்பாலானவை சுமார் 3000 மீட்டர் உயரத்துக்கு மேல் இயங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல, மலைக்குச் சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டிதான். இரண்டு பிரதிகளும் ஒரே ஆளிடம், ஒரே படகில் போகக் கூடாது. ஜெனரேட்டர் உங்களுக்காக வந்ததல்ல, மாதிரிகளைக் காக்கும் ஃப்ரீசருக்காக வந்தது. தினமும் எத்தனை மணி நேரம் மின்சாரம் கிடைக்கும் என்று கிளம்புமுன்பே கேளுங்கள்.

இடத் தகவலும் கசியும். அரிய ஆர்க்கிட், புதைபடிவத் தளம் போன்றவற்றைப் படமெடுக்கையில் கேமராவிலும் போனிலும் ஜிபிஎஸ்ஸை அணையுங்கள். அது மட்டும் போதாது: பின்னணியில் ஒரு மலைமுகடு தெளிவாக விழுந்தால், தேடி வருகிறவனுக்கு அதுவே வரைபடம். கண்டுபிடிப்பு ஆய்விதழில் வெளியாகும்வரை எந்தக் காட்சி வெளியே போகலாம், எது கூடாது என்பதைப் புறப்படும் முன்பே ஆய்வுத் தலைவரோடு எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் ஒரு நகல் எடிட்டரிடமும் இருக்கட்டும். பயணத்துக்கே வராத அவர்தான் முன்னோட்டத்தில் அந்த முகட்டைச் சேர்ப்பவர்.