இலக்கு எட்டியாச்சு, வேலை நடந்ததா?

நிறுவனங்களுக்குச் செயல்திறன் மதிப்பீட்டு முறை அமைத்துக் கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. ஒரு முறை ஒரு வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குப் போயிருந்தேன். வந்த புகாரை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அங்கே இலக்கு. மாதாந்திர அறிக்கை முழுக்கப் பச்சை. ஆனால் வாடிக்கையாளர்கள் மட்டும் விலகிப் போய்க்கொண்டே இருந்தார்கள். காரணம் பிடிபடாமல், ஊழியர் ஒருவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன்.

23 மணி நேரம் தாண்டிய புகார்களைத் தேடி எடுத்தார், ‘தீர்வு காணப்பட்டது’ என்று மூடினார், அதே புகாரை வேறு எண்ணில் புதிதாகப் பதிந்தார். என்னிடம் மறைக்கவும் இல்லை. “உதிரிப் பாகம் வர நாலு நாள் ஆகும் சார், நான் என்ன பண்ணட்டும்?” என்றார். அவர் மேல் என்ன தப்பு? பாகம் அவர் கையில் இல்லை, சம்பள உயர்வோ அந்த 24 மணி நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதை ஏதோ ஒரு ஆபீஸின் ஒழுக்கக் கேடு என்று நினைத்துவிடாதீர்கள். செயல்திறன் அளவீட்டின் பக்கவிளைவுகளைப் பற்றி ரிட்ஜ்வே என்ற ஆய்வாளர் 1956-லேயே எழுதிவிட்டார். ஒற்றை அளவுகோல் வைத்தாலும், பல வைத்தாலும், எல்லாவற்றையும் கலந்து ஒரே மதிப்பெண்ணாக ஆக்கினாலும் ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் வரும் என்று காட்டினார். 1975-இல் ஸ்டீவன் கெர் என்ற மேலாண்மை ஆய்வாளர், ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுக்கும் பழக்கத்தை எடுத்துப் பேசினார். குழுவாக உழையுங்கள் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு ஊக்கத்தொகையைத் தனி ஆளுக்குக் கொடுக்கிறோமே, அதேதான்.

எனக்கு அதிகம் பயன்பட்டது இங்கிலாந்தின் ஆம்புலன்ஸ் சேவையைப் பற்றிய ஆய்வு. உயிருக்கு ஆபத்தான அழைப்புகளில் 75 சதவீதத்துக்கு 8 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது. பெவனும் ஹூடும் 2006-இல் வெளியிட்ட கட்டுரையில், சில சேவைகளின் நேரப் பதிவுகளை வரைபடமாகப் பார்த்தால் 8 நிமிடத்துக்குச் சற்று முன்னால் ஒரு குவியல், கோட்டைத் தாண்டியதுமே சரேலென்று சரிவு. உண்மையான பயண நேரம் அப்படி இருக்கவே முடியாது. சராசரியையும் சதவீதத்தையும் மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு இது தெரியாது. நான் சொன்ன சேவைப் பிரிவின் பதிவுகளையும் அப்படி வரைந்து பார்த்தேன், 23-வது மணியில் அதே குவியல். உங்களிடம் இருக்கும் தரவையும் தயவுசெய்து ஒரு தடவை இப்படி வரைந்து பாருங்கள், ஒரு மணி நேர வேலைதான்.

இலக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெளிவான, சற்றுக் கடினமான இலக்கு உழைப்பைக் கூட்டும் என்று லாக், லேத்தம் இருவரும் பல பத்தாண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். அந்த இலக்கை எட்டுவது அந்த ஆளின் கையில் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

அப்புறம், 1992-இல் கேப்லனும் நார்ட்டனும் கொண்டுவந்த பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு என்ற மதிப்பீட்டு முறை. நிதியோடு வாடிக்கையாளர், உள் செயல்முறை, கற்றல் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்ன நல்ல யோசனை. நடைமுறையில் நாலு கட்டத்தையும் நிரப்புவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள், ஒன்று கூடினால் மற்றொன்று நிஜமாகவே கூடுகிறதா என்று சோதிப்பதில்லை. இட்னரும் லார்க்கரும் 157 நிறுவனங்களை ஆராய்ந்து 2003-இல் எழுதியபோது, அந்தத் தொடர்பை முறையாகச் சோதித்தவை நாலில் ஒரு பங்கு கூட இல்லை.

அந்தச் சேவைப் பிரிவில் மூன்று மாற்றம் செய்தோம். பாகத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தைத் தனியாகப் பதிந்தோம். அதே வாடிக்கையாளர் 30 நாளுக்குள் மறுபடி புகார் செய்தால் அதையும் எண்ணினோம். ஆறு மாதத்துக்கு இந்த எண்கள் எதையும் சம்பளத்தோடு சேர்க்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டேன், இதற்குத்தான் நிறையப் போராட வேண்டியிருந்தது. அடுத்த மாத அறிக்கை முழுக்கச் சிவப்பு. பிரிவுத் தலைவர் என் மேல் கோபப்பட்டார். ஆனால் அந்த அறிக்கையைப் பற்றிப் பேசிய கூட்டத்துக்குத்தான் முதல் தடவையாக உதிரிப் பாகக் கிடங்கின் பொறுப்பாளரையும் கூப்பிட்டிருந்தார்கள்.