தனியாக ஓடினால் பத்து நிமிடம், ஆள் சேர்ந்தால் இரண்டு மணி நேரம்

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “என் மகளுக்கு 19 வயது. எந்நேரமும் வாலிபால், பாட்மிண்டன், கூடவே ஒரு பட்டாளம். இரண்டு மணி நேரம் குதித்துவிட்டு வந்து, அதே வேகத்தில் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு தெம்பு இருக்கிறதே என்று காலையில் தனியாக ஓடச் சொன்னால் பத்தே நிமிடத்தில் ‘முடியலம்மா’ என்று உட்கார்ந்துவிடுகிறாள். நடிக்கிறாளா?”

நடிக்கவில்லை. பாதிக் காரணம் தசையில் இருக்கிறது, அதை முதலில் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தசை நேரடியாகச் செலவழிப்பது ஏடிபி, பள்ளியில் படித்ததுதான். கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். அதை உடனுக்குடன் நிரப்ப கிரியேட்டின் பாஸ்பேட் இருக்கிறது, முழு வேகத்தில் போனால் அதுவும் பத்து விநாடியில் தீர்ந்துபோகும், அப்புறம் குளுக்கோஸ், ஆக்சிஜன் என்று வண்டி ஓடும். வாலிபாலில் ஒரு குதி, ஒரு அடி, அப்புறம் யாராவது பந்தை எடுத்து வரும்வரை சும்மா நிற்கிறோம் இல்லையா, அந்த அரை நிமிடத்தில் செலவான கிரியேட்டின் பாஸ்பேட்டில் ஏறக்குறைய பாதி திரும்பி வந்துவிடும். நிற்காமல் ஓடுகிறவருக்கு இந்த இடைவேளை கிடையாது.

ஆனால் இடைவேளையே இல்லாத ஒரே வேலையை ஒரே அளவில் செய்தாலும், கூட்டமாகச் செய்யும்போது உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதைப் பற்றியதுதான்.

2009-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் படகுப் போட்டி வீரர்கள் 12 பேரை வைத்துச் செய்து வெளியிட்டது. ஜிம்மில் இருக்குமே, தரையில் உட்கார்ந்து கயிற்றை இழுக்கிற துடுப்பு இயந்திரம், அதில் 45 நிமிடம். ஒருமுறை தனியாக, இன்னொருமுறை ஆறு பேர் சேர்ந்து ஒரே தாளத்தில். பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வலி தாங்கும் என்று அளந்தார்கள். எப்படித் தெரியுமா? டாக்டர் பிரஷர் பார்க்கும்போது கையில் சுற்றுவாரே, அதே பட்டை. காற்றை ஏற்றிக்கொண்டே போவார்கள், பட்டை இறுக இறுக கை மரத்து, விண்விண் என்று தெறித்து, ஒரு கட்டத்தில் அவர் “போதும்” என்பார். அந்த இடத்தில் முள் எதைக் காட்டுகிறதோ அதுதான் அவருடைய அளவு. அவ்வளவுதான் கருவி!

உடற்பயிற்சி செய்தாலே வலி தாங்கும் அளவு கொஞ்சம் ஏறும், தனியாகச் செய்தபோதும் ஏறியது. சேர்ந்து செய்தபோது அதைவிடத் தெளிவாக அதிகமாக ஏறியது. கூட்டத்தைப் பார்த்ததும் வேகமாக இழுத்திருப்பார்கள் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் இயந்திரம் காட்டிய விசையில் வித்தியாசம் இல்லை. அதே உழைப்பு, அதே 45 நிமிடம், மாறியது பக்கத்தில் ஆள் இருந்ததும் தாளம் ஒன்றாக இருந்ததும்தான். துடுப்பு ‘வலித்தல்’ என்று தமிழில் சொல்கிறோம். சேர்ந்து வலித்தால் வலி குறைகிறது என்று எழுத இவ்வளவு நாள் காத்திருந்தேன், மன்னிக்கவும்.

இதை எதற்குச் சுற்றி வளைத்துப் பட்டையால் அளக்க வேண்டும்? வலி குறைவதற்குக் காரணம் என்று அவர்கள் சந்தேகப்பட்ட பொருள் எண்டார்ஃபின், அதாவது உடம்பு தானே தயாரிக்கிற மார்ஃபின் மாதிரியான ஒன்று. இரத்தத்தில் அதை அளந்து பயனில்லை, ஏனென்றால் இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு காவல் இருக்கிறது, எண்டார்ஃபின் அதைச் சுலபமாகத் தாண்டாது. மூளைப் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று நேராகப் பார்க்க வேண்டுமென்றால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், இல்லையென்றால் மூளையை ஸ்கேன் செய்ய வேண்டும், விளையாட வந்த பிள்ளைகளிடம் அதைக் கேட்க முடியுமா? அதனால் மறைமுகமாக, வலி எவ்வளவு மட்டுப்பட்டது என்று பார்க்கிறார்கள். அதே குழுவில் இருந்த ராபின் டன்பார் பின்னால் சிரிப்பையும் இப்படியே சோதித்தார். நகைச்சுவைக் காட்சி பார்த்து வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கும் வலி தாங்கும் அளவு ஏறியது. ஆக, அந்தப் பெண் ஆட்டத்துக்கு நடுவே அடிக்கிற அரட்டையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நீண்ட நேரம் ஓடியபின் வருகிற அந்த மிதக்கிற சந்தோஷம் மட்டும் வேறு கதை. எண்டார்ஃபின் வேலை செய்யாதபடி மருந்து கொடுத்து ஓடவிட்டாலும் அது வந்தது. இப்போது அதற்கு உடம்பே தயாரிக்கிற இன்னொரு பொருளான ஆனந்தமைடு மீது சந்தேகம். 1992-ல் ஜெருசலேமில் கண்டுபிடித்தவர்கள் நம் ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்தே அந்தப் பெயரை வைத்தார்கள். கொழுப்பில் கரைகிற சின்ன மூலக்கூறு, மூளையின் காவலைத் தாண்டிப் போய்விடும். இணையத்தில் எதற்கெடுத்தாலும் டோபமைன் என்று எழுதுகிறவர்கள் இதற்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

12 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது என்று நீங்கள் சொன்னால், சரிதான். எண்டார்ஃபின்தான் என்பதும் இந்தச் சோதனையில் ஊகம்தான், நேராக அளந்து பார்க்கவில்லை. ஆனால் செய்த சோதனையையே இன்னும் பெரிய கூட்டத்தில் திரும்பச் செய்கிறேன் என்று பணம் கேட்டுப் போய்ப் பாருங்கள், “இதில் புதுசு என்ன?” என்பார்கள். ஒரு பிரஷர் பட்டையும் பொறுமையும் போதும் என்கிற வேலைக்கு இந்த நிலைமை என்பது எனக்கு எரிச்சல்தான்.

அம்மாவுக்கு என் பதில்: அவளைத் தனியாக ஓட அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள், அவள் அடிக்கு உங்கள் அடி பொருந்துகிற வேகத்தில். இன்னொன்று, ஆட்டம் முடிந்து வந்ததும் அவள் கால்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வலி மட்டுப்படும்போது அடிபட்டதும் தெரியாது. கல்லூரி நாட்களில் நான் கணுக்கால் பிசகியதோடு முழு ஆட்டமும் ஆடி, எல்லோருடனும் கத்திக்கொண்டே நடந்து வந்து, அறையில் தனியாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றப் பார்த்தேன். கழற்ற முடியவில்லை, அவ்வளவு வீக்கம். வலியும் சரியாக அப்போதுதான் வந்தது.