401 வந்தால் பேஸ் ஸ்ட்ரிங்கைக் காட்டுங்கள், சாவியைக் காட்டாதீர்கள்

ட்விட்டர், அதாவது இன்றைய எக்ஸ், ஏபிஐயோடு (வெளி ஆப்கள் அதைப் பயன்படுத்தும் வழி) பேசும் ப்ரோகிராம்களை ரிவ்யூ செய்வது என் வேலையில் ஒரு பகுதி. அடிக்கடி பார்க்கிற ஒரு விஷயம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ரிக்வெஸ்டோடு போகும் சிக்னேச்சர் ஒத்துப்போகாமல் 401 பிழை, அதாவது 'அனுமதி இல்லை', வந்துகொண்டே இருக்கும், டெட்லைன் நெருக்கும், உடனே ஆப்புக்கான கன்சியூமர் கீ, கன்சியூமர் சீக்ரெட், அக்கவுண்டுக்கான டோக்கன், டோக்கன் சீக்ரெட் என்ற நான்கு சாவிகளையும் ஏதோ ஒரு ஆன்லைன் சிக்னேச்சர் ஜெனரேட்டரில் ஒட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் லாகில் (ப்ரோகிராம் எழுதும் பதிவில்) பிரிண்ட் செய்துவிட்டு அந்த வரியை எடுக்க மறந்துவிடுவார்கள்.

2010 ஆகஸ்ட் வரை வெளி ஆப்கள் உங்கள் பாஸ்வேர்டையே வாங்கி வைத்துக்கொண்டு ட்விட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அதை நிறுத்தி ஓஆத் 1.0ஏ என்ற அனுமதி முறையைக் கட்டாயமாக்கினார்கள். இதில் பாஸ்வேர்டை வெளி ஆப்களிடம் கொடுக்க வேண்டாம், ரகசியச் சாவிகளும் ரிக்வெஸ்டில் பயணிக்காது. கன்சியூமர் சீக்ரெட், டோக்கன் சீக்ரெட் இரண்டையும் நடுவில் ஒரு & போட்டுச் சேர்த்தால் அதுதான் கையெழுத்திடும் சாவி. மெத்தட் (GET, POST போன்றது), முகவரி, வரிசைப்படுத்திய பாராமீட்டர்கள் சேர்ந்தது பேஸ் ஸ்ட்ரிங். இரண்டையும் எச்மேக்-ஷா1 என்ற கணக்கீட்டில் கொடுத்தால் சிக்னேச்சர் வரும். வெளியே போவது அதுதான், இரண்டு சீக்ரெட்டுகளும் போவதில்லை.

கன்சியூமர் கீயும் டோக்கனும் பேஸ் ஸ்ட்ரிங்குக்குள்ளேயே இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதனால் பேஸ் ஸ்ட்ரிங்கையும் கையெழுத்திடும் சாவியையும் ஒரே லாகில் எழுதினால், நான்கையும் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. அந்த லாகைப் பார்க்க முடிந்த யாரும் அந்த அக்கவுண்ட் பெயரில் ட்வீட் போடலாம். உதவி கேட்கும்போது பேஸ் ஸ்ட்ரிங்கை மட்டும் காட்டுங்கள், பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.

என்ன பிழை? என் அனுபவத்தில் அதிகம் மாட்டுவது, சில எழுத்துகளை % குறியீடாக மாற்றும் என்கோடிங்தான். இடைவெளி %20 ஆக வேண்டும், + ஆகக் கூடாது. பேஸ் ஸ்ட்ரிங்கில் இன்னொரு முறை என்கோட் ஆவதால் அது %2520 என்று தெரியும், அதைப் பார்த்துப் பதறி 'சரிசெய்து' விடாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கென இருக்கும் ஃபங்ஷன் ஆச்சரியக்குறி, அடைப்புக்குறி, நட்சத்திரக்குறி எதையும் தொடாது, ஆனால் ஓஆத் அவற்றையும் மாற்றச் சொல்கிறது. 'வணக்கம்' ஒழுங்காகப் போய், 'வணக்கம்!' மட்டும் 401 தந்தால் அங்கே பாருங்கள். ரிக்வெஸ்டின் பாடியை (உள்ளடக்கத்தை) ஜேசனாக அனுப்பினால் அது சிக்னேச்சரில் சேராது. அப்புறம், சர்வர் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

சோதிக்கச் சொந்தச் சாவிகள் எதற்கு? ட்விட்டரின் ஆவணத்தில் மாதிரிச் சாவிகள், மாதிரி ட்வீட், வரவேண்டிய சிக்னேச்சர் என எல்லாமே இருக்கிறது. உங்கள் கோட் அதே விடையைத் தருகிறதா பாருங்கள், தராவிட்டால் பேஸ் ஸ்ட்ரிங்கை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

மொபைல் ஆப்புக்குள் கன்சியூமர் சீக்ரெட்டை வைப்பதும் ஆபத்துதான். 2013-இல் ட்விட்டரின் சொந்த ஆப்களின் சாவிகளே இணையத்தில் வெளியாயின. கையெழுத்திடும் வேலையை உங்கள் சர்வரில் வையுங்கள்.

ஏற்கெனவே எங்காவது ஒட்டியிருந்தால் யோசிக்காமல் டெவலப்பர் போர்ட்டலில் போய் சாவிகள், டோக்கன்கள் எல்லாவற்றையும் ரீஜெனரேட் செய்யுங்கள். கோட் சேமிக்கும் கிட் (Git) ரெப்போவில் அந்த வரியை அழித்தால் மட்டும் போதாது, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும்.