துரு தின்ற எண்ணை இரும்பிடமே கேட்பது எப்படி?

"தாத்தா ஓட்டிய பென்ஸ் லாரி இன்னும் எங்கள் கொல்லைக் கொட்டகையில் நிற்கிறது. புதுப்பிக்க ஆசை. ஆர்.சி. புத்தகம் கரையான் அரித்துப் போய்விட்டது. சேசிஸ் எண்ணை வைத்துப் பழைய பதிவைத் தேடலாம் என்றால், எண் இருந்த இடத்தில் துருதான் இருக்கிறது. அதைத் திரும்பப் படிக்க வழி உண்டா?" என்று மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

உண்டு. கேள்வியைப் படித்த அன்றே அவரைத் தொலைபேசியில் பிடித்து ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: நான் வரும்வரை அந்த இடத்தில் கிரைண்டர் வைக்கக் கூடாது, கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டவே கூடாது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் வண்டியைப் பற்றி. டாட்டாவின் டெல்கோ நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கியது. 1969இல் அந்தக் கூட்டு முடிந்தது. அதுவரை வந்த வண்டிகளின் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். நட்சத்திரம் போய் அரை நூற்றாண்டு கடந்த பிறகும் டாட்டா லாரியைப் 'பென்ஸ் லாரி' என்றே சொல்லும் பெரியவர்கள் டெல்டாவில் இருக்கிறார்கள். கொட்டகையில் நான் பார்த்தது நட்சத்திரம் உள்ள வண்டி. வேதாரண்யத்து உப்பளங்களிலிருந்து பல வருடம் உப்பு ஏற்றியது, பிறகு நெல் மூட்டை ஏற்றியது, பிறகு நின்றுவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் கொட்டகையின் ஓடுகளை அள்ளிக்கொண்டு போனதிலிருந்து ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் நேராக அதன் தலையில்தான்.

இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு என்பது பள்ளியில் படித்ததே. உப்பு அதை விரட்டி விரட்டி வேலை வாங்கும். உப்புக் கரைந்த ஈரத்தில் மின்னோட்டம் எளிதாகப் பாயும். துருப்பிடித்தல் அடிப்படையில் ஒரு மின்வேதி வேலை. இன்னொன்று: துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பழைய வண்டியில் நட்டு அசையாது. ஒன்றன்மேல் ஒன்றாக ரிவெட் அடித்த தகடுகள் நடுவில் உப்பிப் பிளந்து நிற்கும்.

இந்தத் துருவை இரும்புக்கு நோகாமல் எடுக்க எளிய வழி இருக்கிறது. சலவை சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த பாகத்தை அமிழ்த்தி, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதிலும், நேர்முனையை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டிலும் மாட்டினால் போதும். துரு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு கறுப்புத் தூளாகத் தளர்ந்து, தேங்காய் நாரால் தேய்த்தாலே உதிரும். நல்ல இரும்பு அப்படியே நிற்கும். நேர்முனைக்கு எவர்சில்வர் தகட்டை மட்டும் வைத்துவிடாதீர்கள், நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கரையும். ஹைட்ரஜன் குமிழிடுவதால் திறந்த வெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். சேசிஸைத் தொட்டியில் அமிழ்த்த முடியாது. ஆகவே எண் இருந்த ஒரு சாண் நீள இடத்தில் மட்டும் சோடா நீரில் ஊறிய பழைய வேட்டித் துணியை மடித்து வைத்து, அதன்மேல் இரும்புத் தகட்டைச் சேசிஸில் உரசாதபடி கட்டினோம்.

மறுநாள் துணியை எடுத்தால் சாம்பல் நிறத்தில் அம்மைத் தழும்பு விழுந்த இரும்பு. நல்வாய்ப்பு இருந்தால் இந்தக் கட்டத்திலேயே எண் தெரிந்துவிடும். எங்களுக்கு இரண்டு இலக்கங்களின் நிழல்தான் தெரிந்தது. எழுத்தின் பள்ளம் இருந்த அடுக்கையே துரு தின்றுவிட்டிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் தொடங்குகிறது.

தொழிற்சாலையில் எண்ணை எப்படிப் போட்டார்கள்? எண் வார்த்த உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். பேனாவால் எழுதினால் மை மேற்பரப்போடு நின்றுவிடும். அடித்தால் அப்படி இல்லை. பள்ளத்திலிருந்து நசுங்கிய இரும்பு எங்கே போகும்? கீழே இருக்கும் இரும்பை நெருக்கித் தள்ளும். கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்கு அடியிலும், அதே எண்ணின் வடிவத்தில், ஒரு நசுங்கிய பகுதி உள்ளே உருவாகிவிடுகிறது. மேலே பள்ளம் முழுக்கத் தேய்ந்து போனாலும் அடியில் அது இருக்கும்.

நசுங்கியது என்றால் என்ன? இரும்பில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கயிறு பிடித்து நாற்று நட்ட வயலை வரப்பில் நின்று பாருங்கள். எல்லா வரிசையும் நேராகப் போகும். எங்காவது ஒரு வரிசை மட்டும் வயலின் நடுவிலேயே முடிந்துபோயிருந்தால்? அதன் இருபுறமும் உள்ள வரிசைகள் அந்த முனையில் சற்று வளைந்து, இடைவெளியை மூடிக்கொண்டு, பிறகு ஒன்றும் நடக்காததுபோல நேராகிவிடும். பாதியில் நின்ற அந்த வரிசையின் முனைதான் இடப்பிறழ்வு. 1934இல் டெய்லர், ஒரோவான், போலானி என்ற மூவர் தனித்தனியாக இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். உலோகம் ஏன் கணக்குச் சொல்வதைவிடப் பல மடங்கு எளிதாக வளைகிறது என்ற புதிருக்கு அதுவே விடை. கண்ணால் பார்க்க இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று: 1956இல் கேம்பிரிட்ஜில் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் அவை நகர்ந்துகொண்டிருந்ததையே பார்த்தார்கள்.

நன்றாகச் சூடாக்கி மெல்ல ஆறவிட்ட உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இப்படிப்பட்ட பிறழ்வுகள் 10 லட்சத்திலிருந்து 10 கோடி வரை இருக்கும். சம்மட்டி அடி வாங்கிய இடத்தில் அது 10,000 கோடியைத் தாண்டும். மாடு புகுந்து மிதித்த நடவைப்போல, எந்த வரிசை எதோடு சேர்ந்தது என்றே தெரியாது. அடியின் ஆற்றலில் பெரும்பங்கு அப்போதே சூடாகப் போய்விடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும், தன் இடத்தில் ஒழுங்காக உட்கார முடியாத இந்த அணுக்களின் நெருக்கத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. அறுபது வருடம் ஆனாலும் கிடக்கும்.

அதை வெளியே கொண்டுவருவதற்கு அமிலம் போதும். நெருக்கடியில் இருக்கும் அணுக்கள் அமிலத்தில் முதலில் கரைகின்றன; அமைதியாக இருப்பவை தாமதிக்கின்றன. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காப்பர் குளோரைடும் நீரும் கலந்த ஃப்ரை கரைசல் இதற்கென்றே பேர்போனது. தடய அறிவியல் ஆய்வகங்களில் திருட்டு வண்டியின் ராவிய எண்ணைப் படிக்கப் பயன்படுத்துவது இதைத்தான்.

எனக்குத் தெரிந்த உலோகவியல் ஆசிரியர் ஒருவர் தம் ஆய்வகத்தில் கரைசலைத் தயாரித்து எடுத்து வந்தார். கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டுதான் செய்தார். வீட்டில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். தழும்புகளை மிக மெல்லிய உப்புத்தாளால் சமன் செய்துவிட்டு, பஞ்சைக் கரைசலில் நனைத்து ஒரே திசையில் தடவினார். ஒன்றும் இல்லை. திரும்பத் தடவினார். சிவப்பாகச் செம்பு படிந்தது, துடைத்தார். பத்து நிமிடம் போயிருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்திருந்த வாசகர் சட்டென்று குனிந்தார். தட்டையான இரும்பில் ஒரு 4, மங்கிய புகைபோல. பக்கத்தில் ஒரு 5. சமமான பரப்பு, விரல் வைத்தால் வழவழப்பு. ஆனால் கண்ணுக்கு எண். முப்பது வருடமாக இரும்பைப் பற்றி எழுதுகிறேன். அந்த 4 வந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

அறுவடைக்கு ஈர வயலில் டிராக்டர் போன தடத்தை உழுது, பரம்படித்து மறைத்துவிடலாம். அடுத்த நடவில் பயிர் வளர்ந்ததும் அதே தடத்தில் நிறம் மாறி நிற்கும், அடிமண் இறுகியிருப்பதால். இரும்பு செய்வதும் இதேதான்.

நெருப்பு ஏன் கூடாது என்பது இப்போது புரியும். குளிர்ந்த நிலையில் நசுங்கிய இரும்பைச் சுமார் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அணுக்கள் நகரத் தொடங்கும். நெரிபட்ட படிகங்களைத் தின்றுகொண்டு புதிய, ஒழுங்கான படிகங்கள் வளரும். மறுபடிகமாதல் என்று பெயர். வயலை முழுக்க அழித்துப் புதிதாக நட்டதுபோல. அதற்குப் பிறகு எந்த அமிலமும் எண்ணைச் சொல்லாது. பழைய பெயின்டையும் துருவையும் எடுக்கக் கேஸ் நெருப்பைக் காட்டுவது பட்டறை வழக்கம். நட்டைக் கழற்ற அது கைகண்ட வித்தையும்கூட. எண் இருக்கும் இடத்தில் மட்டும் அது கொலை.

கடைசி இலக்கம் 3 ஆ, 8 ஆ என்று வெகுநேரம் தெரியவில்லை. அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாசகரின் பெரியப்பா, "3 என்று எழுதிக்கொள்ளுங்கள் சார்" என்றார். மற்ற இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது. கடைசி 8 ஆக இருந்தால் மொத்தம் பதினேழு, அதன் ஒன்றையும் ஏழையும் கூட்டினால் எட்டு. எட்டு ராசியில்லாத எண், அதனால்தான் இந்த வண்டி அப்பாவை உட்கார வைத்தது என்று அவர் நெடுநாளாகச் சந்தேகப்பட்டிருக்கிறார். அடுத்த தடவலில் இடப்பக்க வளைவுகள் மூடிக்கொண்டன. 8 தான். அவரிடம் மரியாதையோடு சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்: அடுத்தடுத்த எந்த ஒன்பது எண்களை எடுத்தாலும் ஒன்றின் கூட்டுத்தொகை எட்டாகத்தான் வரும். வரிசை எண் போட்டு வெளியேறிய லாரிகளில் ஒன்பதில் ஒன்று எட்டு. அவற்றில் எத்தனையோ வண்டிகள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கும். நல்ல வண்டிகளை எண்கணிதத்துக்காகக் கொட்டகையில் மக்க விடுவது எனக்குத் தாங்கவில்லை.

தாங்காத இன்னொன்றும் உண்டு. 50 வருடம் கடந்த பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு வழங்க 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் அது இருசக்கர வாகனங்களுக்கும் கார்களுக்கும்தான்; லாரிக்கு இடமில்லை. இந்தக் காவிரிப் படுகையின் நெல்லையும் உப்பையும் சுமந்தது கார் அல்ல. உழைத்த வண்டிக்கும் அந்தப் பட்டியலில் இடம் வேண்டும்.

துருவை ஆராயும் இடம் நமக்குத் தொலைவில் இல்லை. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948இல் அடிக்கல் நாட்டினார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். கடல்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று மண்டபத்தில் தகடுகளை வருடக்கணக்காக நிறுத்தி வைத்துப் பார்ப்பவர்கள் அவர்கள். இப்படிப் பொறுமையாகக் காத்திருக்கும் ஆராய்ச்சிக்கு உடனடிப் பலன் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டும். நாகப்பட்டினம் கரையோரம் துரு தின்னும் கம்பங்களையும் பாலங்களையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்ணைப் பல கோணங்களில் படம் எடுத்த பிறகு, சோடா நீரால் அமிலத்தைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசினோம். எண்ணெய் பட்டதும் எண் மறைந்துவிட்டது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேசிஸ் எண்ணுக்குப் பென்சில் படி கேட்பார்கள்: எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பது. தேய்த்துப் பார்த்தோம், சமமான பரப்பில் வெறும் சாம்பல்தான் வந்தது. படங்களையும் ஆய்வகக் குறிப்பையும் வைத்து மனு கொடுத்திருக்கிறார். நாமே உளி எடுத்து எண்ணைத் திரும்பக் குத்துவது குற்றம். அனுமதி வந்த பிறகே செய்ய முடியும். அதுவரை அந்த ஒரு சாண் இடத்தில் பெயின்ட் அடிக்காமல், எண்ணெய்த் துணி சுற்றி வைத்திருக்கிறார். மற்ற இடங்களில் வேலை தொடங்கியாயிற்று. பாரத்தைத் தாங்கும் வில் பட்டைகளைக் கழற்றிவிட்டு, அவற்றையும் சோடாத் தொட்டியில் போடலாமா என்று நேற்றுக் கேட்டார். கூடாது. உறுதி ஏற்றிய வில் எஃகில் ஹைட்ரஜன் புகுந்தால் பாரம் ஏறும்போது பட்டென்று முறியும். பட்டைகளுக்குக் கம்பித் தூரிகையும் கைவலியும்தான்.