லைட்டு எரியுது, ஆனா நெட் வரல

ஆபீஸ் சுவத்துல இருக்க நெட்வொர்க் போர்ட்ல சொந்த லேப்டாப்ப சொருகுறீங்க, லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுது, ஆனா ஒரு பேஜும் ஓப்பன் ஆகல. கேபிள் கோளாறுன்னு கழட்டி கழட்டி மாட்டுவோம். கேபிள் மேல தப்பே இல்லங்க, அந்தப் பக்கம் எல்லா கேபிளும் போய் சேர்ற நெட்வொர்க் பெட்டி, அதாவது சுவிட்ச் தான், கதவ சாத்தி வச்சிருக்கு.

யார உள்ள விடுறதுன்னு பாக்க முன்னெல்லாம் மேக் அட்ரஸ் லிஸ்ட் தான். நெட்வொர்க் கார்டுக்கு 48 பிட்ல ஒரு நம்பர் உண்டு, அது லிஸ்ட்ல இருந்தா உள்ள விடு, இல்லன்னா விடாத. ஆனா வைஃபைல அந்த நம்பர் என்க்ரிப்ட் ஆகாம அப்படியே காத்துல போகுது, பாத்துக்கிட்டு நம்ம மெஷின்ல அதையே போட்டுக்க ரெண்டு நிமிஷம் ஆகாது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14லேந்து போனே வைஃபைக்கு வைஃபை வேற நம்பர காட்டுது, அப்புறம் லிஸ்ட் வச்சி என்ன பண்ண?

அதனால லாகின் பண்ணாதான் உள்ள விடுற, 2001ல வந்த 802.1எக்ஸ்ங்கிற முறை தான் இப்ப ஆபீஸ், காலேஜ்ல பெரும்பாலும். இதுல சுவிட்ச் மொதல்ல ஈஏபிங்கிற லாகின் மெசேஜ் தவிர எதையும் விடாது, ஐபி கேக்குற டிஹெச்சிபி கூட போகாது, அதான் விண்டோஸ் தானா போட்டுக்குற, 169.254ன்னு ஆரம்பிக்கிற அட்ரஸ் தெரியுது. சுவிட்சுக்கு உங்க பாஸ்வேர்டு சரியா தப்பான்னே தெரியாது, அது வெறும் போஸ்ட்மேன், வாங்கி, லாகின சரி பாக்குற ரேடியஸ் சர்வர் கிட்ட குடுக்கும். சரின்னு பதில் வந்தா கூடவே விஎல்ஏஎன் (ஒரே நெட்வொர்க்குக்குள்ள பிரிச்சி வச்ச தனி பகுதி) நம்பரும் வரும், சொந்த லேப்டாப்னா நேரா கெஸ்ட் விஎல்ஏஎன், ஃபைல் சர்வர் கண்ணுலயே படாது.

நெறைய பேரு கோட்ட விடுறது சர்டிஃபிகேட்ல தான், அதாவது சர்வர் காட்டுற அடையாள அட்டைல. நெட்வொர்க் உங்கள செக் பண்ற மாதிரி நீங்களும் அந்த சர்வர செக் பண்ணணும், "செக் பண்ணாத"ன்னு டிக் பண்ணிட்டா அதே பேர்ல எவனோ வச்ச வைஃபைக்கும் லாகின் போயிடும், அவன் அத வச்சி பாஸ்வேர்ட உடைக்கப் பாப்பான். இந்த டிக்க போடச்சொல்லி ஸ்க்ரீன்ஷாட்டோட கைடு வேற குடுப்பாங்க, கடுப்பா இருக்கும்.

இவ்ளோ பண்ணியும் பழைய பிரிண்டருக்கு 802.1எக்ஸ் தெரியாது. அதுக்கு அந்த போர்ட்ல மறுபடி மேக் அட்ரஸ் லிஸ்ட் தான், பிரிண்டர மட்டும் தனி விஎல்ஏஎன்ல அடைச்சி வைப்பாங்க.