யுடோப்பியா: கற்பனாவாதமா, இல்லூரா?

போன மாதம் வேலூரில் ஒரு கலந்துரையாடல். இலட்சிய சமூகத்தில் தனிமனித சுதந்திரம் எவ்வளவு, கட்டுப்பாடு எவ்வளவு என்பது பேச்சு. பேசியவர் யுடோப்பியாவைக் 'கற்பனாவாத சமூகம்' என்று இருபது தடவையாவது சொல்லியிருப்பார். பக்கத்தில் இருந்த காட்பாடி அண்ணன், "கவிதையைப் பத்திப் பேசறாரா?" என்று என் காதைக் கடித்தார். அவர் கேட்டதில் தப்பில்லை.

யுடோப்பியா, 1516-ல் தாமஸ் மோர் இலத்தீனில் எழுதிய நூலில் வரும் தீவு. கிரேக்கத்தில் 'ஊ' என்றால் இல்லை, 'தோபோஸ்' என்றால் இடம்; சேர்த்தால் இல்லாத இடம். 'நல்ல இடம்' என்ற கிரேக்கச் சொல்லும் ஆங்கிலத்தில் இதே ஒலிதான். சிலேடை, அவ்வளவுதான்.

இனி கற்பனாவாதத்துக்கு வருவோம். உணர்ச்சியையும் கற்பனையையும் முன்னிறுத்தும் ரொமாண்டிசிசம் என்ற இலக்கியப் போக்குக்கும் இதே சொல்லைத்தான் நம் விமர்சகர்கள் வைத்திருக்கிறார்கள். அண்ணன் குழம்பியது அதனால்தான். அப்புறம் இது மார்க்சிய மொழிபெயர்ப்பில் வேரூன்றிய சொல். கற்பனாவாத சோசலிசம் ஒரு பக்கம், விஞ்ஞான சோசலிசம் மறு பக்கம் என்று எதிராளியை மட்டம் தட்ட நிறுத்தியது. எதிர்க்கட்சிக்காரன் வைத்த பட்டப்பெயரை ரேஷன் கார்டில் ஏற்றலாமா?

மோரின் தீவு மனம்போன கனவும் இல்லை. அங்கே ஒரு நாளைக்கு 6 மணி நேரந்தான் வேலை. வீடுகளுக்குப் பூட்டு கிடையாது. ஆனால் 10 ஆண்டுக்கு ஒருமுறை குலுக்கல் போட்டு வீடு மாற வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியூர் போய் இரண்டாம் முறை பிடிபட்டால் அடிமைத்தனம். பூட்டைக் கழற்றியவர்கள் ஆளைப் பூட்டிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தின் கேள்வியே இதுதான். 'கற்பனை' என்றதும் அது காற்றில் போய்விடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், பழைய தமிழ் பைபிள் வழக்கில் கற்பனை என்றால் கட்டளை. பத்துக் கற்பனைகள் என்று சர்ச்சுக்குப் போகிற எங்கள் ஊர்ப் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். அந்தப் பொருளில் சொல்லியிருந்தால் சரி, மோருக்குப் பொருந்தியிருக்கும். பேசியவருக்கு அந்த நினைப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

என் சொல் இல்லூர். 'இல்' என்றால் இன்மை, வீடும்கூட. ஓசையில் நல்லூருக்குப் பக்கத்து ஊர். சிலேடைக்குச் சிலேடை. வறுமை இல்லாததால் கோசலத்தில் வள்ளல்தன்மைக்கு வேலையில்லை என்று கம்பனும் நல்ல நாட்டை 'இல்லை' போட்டுத்தானே பாடினான்? ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று கேலி கேட்டே வளர்ந்தவர்கள் வேலூர்க்காரர்களான நாங்கள். 1981 வரை சாமி இல்லாத கோயிலும் அந்தப் பட்டியலில் இருந்தது. இல்லாததைக் கொண்டு ஊரை அடையாளம் சொல்வது எங்களுக்குப் புதிதல்ல.

அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். "எந்தத் தாலுகா?" என்றார்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. பெயரடையாக்கினால் 'இல்லூர்த்தனமான' என்று வாயில் கல் மாதிரி உருள்கிறது. 'இல்லூர்க் கனவு', 'இல்லூர்ச் சட்டம்' என்று சேர்த்து எழுதினால் ஒருவாறு சமாளிக்கலாம்.