முழங்காலுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு

மார்கழி, தை மாதங்களில் எங்கள் வகுப்புக் கடைசி பெஞ்சில் ஒரு விளையாட்டு நடக்கும். அரை டிராயருக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் காலில் நகத்தால் கீறிப் பெயர் எழுதுவோம். சாக்பீஸில் எழுதிய மாதிரி எழுத்து வெள்ளை வெளேரென்று விழும். எச்சில் தொட்டுத் தடவினால் மறையும், காய்ந்ததும் மங்கலாகத் திரும்பி வரும். அதே காலில் ஆடி மாதம் எவ்வளவு கீறினாலும் பெயர் விழாது.

மாநிறக் காலில் இந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது? ஐஸ் கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டியாக இருக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது, துருவினால் வெள்ளையாகிவிடுகிறது. துருவலின் துண்டுகளுக்கு இடையே காற்று புகுந்துகொள்கிறது. ஐஸும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் சிதறித் திரும்பிவிடுவதால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. காலிலும் இதேதான் நடக்கிறது. தோலின் மேல்மட்டத்தில் இருக்கும் செத்த செல்கள் காய்ந்து ஓரம் கிளம்பி நிற்கின்றன. நகம் பட்டதும் இன்னும் கொஞ்சம் பெயர்ந்து, அடியில் காற்று நுழைகிறது. எச்சிலோ எண்ணெய்யோ அந்தச் சந்துகளை நிரப்பினால் வெளிச்சம் உள்ளே போய்விடும், கோடும் மறைந்துவிடும்.

கவனியுங்கள், கோடுதான் மறைகிறது. வறட்சி அப்படியே இருக்கிறது. பனிக்காலத்தில் எண்ணெய் தடவியும் தோல் இழுக்கிறது, அரிக்கிறது என்று சொல்பவர்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

1952இல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை எளிமையாகச் சோதித்துக் காட்டினார். தடித்துக் காய்ந்த தோல் துண்டுகளை எடுத்துக்கொண்டார். வளைத்தால் அப்பளம் மாதிரி உடையும் துண்டுகள். அவற்றை எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களில் நாள்கணக்கில் ஊறப்போட்டும் அதே மொரமொரப்புதான். தண்ணீர் பட்டதும் துவண்டு இளகின. மேல்தோல் மெத்தென்று இருக்க அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்காவது தண்ணீர் இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட கணக்கு. ஆக, தோலை இளக்குவது தண்ணீர். எண்ணெய் அந்தத் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கிற காவல்காரன், அவ்வளவுதான். தண்ணீரே இல்லாத தொட்டிக்கு மூடி போட்டு என்ன செய்வது?

அந்தத் தண்ணீர் தங்கும் இடத்தைப் பார்ப்போம். நம் தோலின் வெளி அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்கூடத் தேறாது. உள்ளங்கை, உள்ளங்காலில் மட்டும் தடிமன் அதிகம். அதற்குள் பதினைந்து, இருபது வரிசை செத்த செல்கள் செங்கல் மாதிரி அடுக்கப்பட்டிருக்கின்றன. செங்கற்களுக்கு இடையே பூசிய காரை கொழுப்பால் ஆனது. செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் சேர்ந்த கலவை. ரத்தப் பரிசோதனைத் தாளில் நம்மைப் பயமுறுத்தும் கொலஸ்ட்ரால்தான் இங்கே சுவர் கட்டிக் காப்பாற்றுகிறது. செங்கலுக்குள்ளும் சும்மா இல்லை. அமினோ அமிலங்கள், யூரியா, லாக்டேட் என்று ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் சின்னச் சின்னப் பொருள்கள் நிறைந்திருக்கின்றன. உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் கசகசத்துப் போவது மாதிரி, இவை தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்.

சுவர் எவ்வளவு நல்ல சுவராக இருந்தாலும் ஓரளவு கசியத்தான் செய்யும். வியர்வையைச் சேர்க்காமலேயே ஒரு நாளைக்குச் சுமார் 300 முதல் 400 மில்லி தண்ணீர் தோல் வழியாக ஆவியாகிப் போகிறது. காற்று வறண்டிருந்தாலோ காரை பெயர்ந்திருந்தாலோ மேல் அடுக்கு அடியிலிருந்து வரும் ஈரத்தைத் தக்கவைக்க முடியாமல் காய்கிறது.

காய்ந்தால் இன்னொரு வேலையும் நின்றுபோகிறது. பழைய செல்கள் தினமும் ஒவ்வொன்றாக, கண்ணுக்குத் தெரியாமல் உதிர வேண்டும். ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் முடிச்சுகளை வெட்டிவிட அங்கே சில நொதிகள் இருக்கின்றன. நொதி வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் முடிச்சு அவிழாது. தனித்தனியாக உதிர வேண்டிய செல்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும். காலில் சாம்பல் பூத்த மாதிரி, மீன் செதில் மாதிரித் தெரிவது இந்தக் கொத்துகள்தான். "தோல் உரியுது" என்று சொல்கிறோம், உண்மையில் ஒழுங்காக உரியாததுதான் சிக்கல். நார் போட்டு அழுத்தித் தேய்த்தால் கொத்துகளோடு கீழே இருக்கும் நல்ல செங்கலும் பெயர்ந்து வரும்.

சரி, இது ஏன் பனிக்காலத்தில்? விடியற்காலையில் எங்கே பார்த்தாலும் பனி, வண்டி சீட்டெல்லாம் ஈரம். காற்றில் ஈரப்பதம் 95 சதவீதம் என்று செல்போன் காட்டுகிறது. அப்புறம் தோல் எப்படிக் காயும்?

அந்த 95 சதவீதம் ஆளை ஏமாற்றும் எண். குளிர்ந்த காற்றால் கொஞ்சம் ஆவியைத்தான் தாங்க முடியும். 18 டிகிரி காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 15 கிராம் நீராவியோடு நிரம்பிவிடும், சின்ன டம்ளர் சீக்கிரம் வழிவதைப் போல. அந்தக் காற்று நம் உடம்பை ஒட்டி வரும்போது தோலின் சூட்டுக்கு, அதாவது 32 டிகிரிக்குப் பக்கமாக, சூடாகிறது. அப்போது டம்ளர் பெரிதாகிவிடுகிறது. 32 டிகிரியில் காற்றுக்கு 34 கிராம் வரை கொள்ளும், உள்ளே இருப்பதோ 14 கிராம்தான். தோல் உணரும் ஈரப்பதம் இப்போது 43 சதவீதத்துக்குள். மழைக்கு முந்தைய புழுக்கமான மாலையில், 30 டிகிரியில், செல்போன் 70 சதவீதம் காட்டும்போது இதே கணக்கைப் போட்டால் தோலுக்கு 60 சதவீதத்துக்கு மேல் கிடைக்கிறது. பனி மூட்டத்துக்குள் நடந்து போகிறவர் தோல் காய்வதற்கு இதுதான் காரணம். ஊட்டியின் 5 டிகிரிக் காலையில் இன்னும் மோசம். டொரன்டோவில் வெளியே மைனஸ் 10, வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு 22 என்றால், உள்ளே வரும் காற்றின் ஈரப்பதம் பத்து சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். அங்கே படுக்கையறையில் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபையர் வைப்பது ஆடம்பரம் இல்லை. இங்கே ஏசி அறையில் எட்டு மணி நேரம் உட்கார்பவர்களுக்கு வருஷம் பூராவும் கொஞ்சம் மார்கழிதான்.

சொல்லப்போனால் காற்றைவிட அதிகக் கேடு நாமே செய்வது, குளியலறையில். குளிர்கிறதே என்று கீசரைத் திறந்துவிட்டு, ஆவி பறக்கும் வெந்நீரில் கால் மணி நேரம் நிற்கிறோம். எண்ணெய்ப் பாத்திரம் வெந்நீரில் எளிதாகக் கழுவப்படுவது போல, சுவரின் காரையும் வெந்நீரில் எளிதாக இளகிப் போகும். நீண்ட நேரம் ஊறினால் செங்கலுக்குள் இருக்கும் ஈரம் பிடிக்கும் பொருள்களும் கரைந்து வெளியேறும். மேலே சோப்பு வேறு. சாதாரணச் சோப்பின் பிஎச் 9, 10 என்று காரப் பக்கம். தோலின் மேற்பரப்போ 5ஐ ஒட்டிய லேசான அமிலம். காரை தயாரிக்கும் நொதிகளுக்கு அந்த அமிலம் வேண்டும். சோப்பு போட்ட பிறகு பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் பிடிக்கும், அதற்குள் சாயங்காலக் குளியல் வந்துவிடுகிறது.

சோப்பு வாங்கும்போது உறையில் டிஎஃப்எம் 76 என்று தேடிப் பார்க்கச் சொல்வார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி 76 சதவீதமும் அதற்கு மேலும் முதல் தரம். அது சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவு, அவ்வளவுதான். முதல் தரச் சோப்பும் காரச் சோப்புதான். தோல் மிகவும் வறண்டவர்கள் சின்டெட் வகைக் கட்டியோ (சோப்புக்குப் பதில் செயற்கைச் சுத்திகரிப்புப் பொருளால் செய்தது), நுரை அதிகம் வராத திரவமோ வாங்குவது மேல். பனி முடியும் வரை சோப்பை அக்குள், இடுப்பு, பாதம் என்று தேவையான இடங்களுக்கு மட்டும் போட்டு, கை கால்களைத் தண்ணீரோடு விடலாம். ஒன்றும் நாறிவிடாது.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். போன தை மாதம் ஒரு வாரம் என் கால்களிலேயே ஒரு சோதனை செய்தேன். வலது காலை நன்றாகத் துவட்டி, அரை மணி நேரம் கழித்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன். இடது காலை ஒற்றி எடுத்து, ஈரம் மினுமினுத்துக்கொண்டிருக்கும்போதே அதே அளவு தடவினேன். சாயங்காலம் இரண்டிலும் நகத்தால் ஒரு கீறல். வலதில் பள்ளிக்காலக் கோடு வந்தது, இடதில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒரே ஆளின் கால்களை வைத்து விஞ்ஞானம் பேச முடியாது, ஆனால் பிளாங்க் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. குளித்து மூன்று நான்கு நிமிடத்துக்குள், ஈரம் பறப்பதற்கு முன் மூடி போட வேண்டும். என்னைக் கேட்டால் எந்தக் கம்பெனி கிரீம் என்பதைவிட எப்போது தடவுகிறோம் என்பதே பெரிய விஷயம்.

தேங்காய் எண்ணெய்யை ஏதோ பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். 2004இல் பிலிப்பைன்ஸில் தோல் வறட்சி உள்ள 34 பேரிடம் அதையும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டார்கள், இரண்டும் பலன் தந்தன. ஆலிவ் எண்ணெய்தான் பேர் பெற்ற அளவுக்கு நல்லதல்ல. அதில் நிறைந்திருக்கும் ஓலியிக் அமிலம் காரையைக் குலைக்கக்கூடியது. அதை வாங்கிக் குழந்தைக்குத் தேய்ப்பவர்கள் யோசிக்கலாம். முகப்பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெய்யும் வேண்டாம்.

மூடி போடுவதில் வேஸ்லினை மிஞ்ச ஆளில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், எண்ணெய்க் கிணற்றுக் கம்பிகளில் பிசுபிசுவென்று ஒட்டிய மெழுகைத் தொழிலாளர்கள் காயத்தில் தடவுவதைப் பார்த்த ராபர்ட் செஸ்புரோ, அதைச் சுத்திகரித்து 1872இல் காப்புரிமை வாங்கினார். பிசுக்கு என்பது மட்டும்தான் குறை. லோஷன் பாட்டிலில் பெரும்பங்கு தண்ணீர். தடவும்போது சுகமாக இருக்கும், பனிக்குத் தாங்காது. பனிக்காலத்தில் லோஷனிலிருந்து டப்பாவில் வரும் கெட்டியான கிரீமுக்கு மாறினாலே பாதி வேலை முடிந்தது.

கிளிசரின் வேறு சாதி. அது மூடி போடாது, தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். அதைத் தனியாகத் தடவிக்கொண்டு வறண்ட காற்றில் போனால், வெளியே ஈரம் கிடைக்காமல் தோலுக்குள் இருப்பதை உறிஞ்சக்கூடும். பன்னீரில் கலந்து தடவும் வீட்டுப் பழக்கம் நல்ல பழக்கம்தான், அதன் மேல் கொஞ்சம் எண்ணெய்யோ கிரீமோ போட மறக்கக் கூடாது. யூரியா கலந்த கிரீமும் இதே சாதி. பத்து சதவீதம் உள்ளது கை கால்களுக்கு, 20க்கு மேல் உள்ளது குதிகாலுக்கு. உரக்கடை யூரியாவும் வேதியியல்படி இதேதான், அதற்காக மூட்டையிலிருந்து எடுத்துக் குழைத்துவிடாதீர்கள்.

குதிகால் வெடிப்பைப் பித்த வெடிப்பு என்கிறோம், பித்தத்தின் மேல் பழி. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது. தடித்த தோல் காய்ந்து, உடம்பின் பாரம் தாங்காமல் கண்மாய்ப் படுகை மாதிரி பிளக்கிறது. ராத்திரி பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, யூரியா கிரீமோ வேஸ்லினோ பூசி, பருத்தி சாக்ஸ் போட்டுப் படுத்தால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பிளேடு, கல் எதையும் வைத்துச் சுரண்டக் கூடாது. ரத்தம் கசியும் வெடிப்பு இருந்தால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

உதட்டுக்கு ஒரே விதி, நக்கக் கூடாது. எச்சில் ஆவியாகும்போது இருந்த ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

முகத்துக்கு ரெட்டினால், சாலிசிலிக் அமிலம் என்று வரிசையாகப் போடுபவர்கள் பனிக்காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறையாகக் குறைத்துக்கொள்வது நல்லது. இவை செல்களைச் சீக்கிரம் உதிர்ப்பவை. ஏற்கெனவே பெயர்ந்த சுவரில் சுத்தியல் எதற்கு? நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் பளபளக்கும் என்பதையும் நம்ப வேண்டாம். தாகத்துக்குக் குடியுங்கள். கசிவது சுவரில், தொட்டியை நிரப்பினால் சுவர் அடைபடாது.

எல்லா அரிப்பும் பனியால் வருவதல்ல. ராத்திரியில் மட்டும் கூடும் அரிப்பு, விரல் இடுக்குகளில் பொரிப்பொரியாக, வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் என்றால் அது சிரங்காக இருக்கலாம், கிரீமுக்கு அடங்காது. பனி போன பிறகும் வறட்சி விடாவிட்டால் தைராய்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள்.

மாற்றத்தை எப்போது தொடங்குவது என்று கேட்டால் காலண்டர் வேண்டாம், தேங்காய் எண்ணெய் பாட்டில் போதும். 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டி நின்றால் கெட்டி கிரீமை வெளியே எடுங்கள். மாசி கடந்து அது தானாக இளகியே இருக்க ஆரம்பித்ததும் வேஸ்லினை அலமாரிக்குள் வைத்துவிட்டு லோஷனுக்குத் திரும்பலாம். வெயிலில் வேஸ்லின் பூசிக்கொண்டு அலைந்தால் வேர்க்குருதான் மிஞ்சும்.